சுத்தம் செய்த பதிவு போதுமா, மூலக் கோப்பும் வேண்டுமா?

அலைவரிசை:
நம் தொகுப்பில் இருப்பவை 1930களிலிருந்து 1962 வரையிலான அமெரிக்க வானொலி நாடகங்கள், நகைச்சுவைத் தொடர்கள். இப்போது சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. பழைய ஒலித்தட்டிலிருந்து 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்தரத்தில் எடுத்த அரைமணி நேர மோனோ கோப்பு ஒன்றே சுமார் 518 எம்பி வருகிறது. அதையே இரைச்சல் நீக்கி 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 29 எம்பிக்குள் அடங்கிவிடும். இறக்குபவர்களில் பெரும்பாலோர் எடுப்பது எம்பி3தான். எனவே சுத்தம் செய்த பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை அழிக்கலாம் என்று இருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஊசிமுனை:
ஆட்சேபம்தான், அதுவும் பலமாக. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு எது குப்பை, எது நாடகம் என்று தெரியாது. ஸ்டுடியோவில் மெனக்கெட்டு உண்டாக்கிய மழைச் சத்தத்தையும் அது 'உஸ்ஸ்' என்ற இரைச்சலாகவே எடுத்துக்கொள்ளும். சென்ற மாதம் நீங்கள் ஏற்றிய துப்பறியும் நாடகத்தில் கதாநாயகன் மழையில் நனைந்ததாகச் சொல்கிறான், மழையைத்தான் காணோம்! பார்வையாளர் சிரிப்பின் கடைசி அலையும் வெட்டுப்பட்டு, கதவை அறைந்து சாத்தியதுபோல் நிற்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த ரீங்காரம் பல பழைய பதிவுகளில் மெலிதாகக் கலந்திருக்கும். தட்டு சரியான வேகத்தில் சுழன்றதா என்று கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் அளவுகோல்களில் அது முக்கியமானது. ரீங்காரம் 62இல் இருந்தால் பதிவு ஏறக்குறைய மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். சுத்தம் செய்பவர்கள் முதல் வேலையாக வெட்டியெறிவது அதைத்தான்.

அலைவரிசை:
அந்த ரீங்காரம் பதிவு செய்தபோது வந்ததா, தட்டை டிஜிட்டலாக மாற்றியபோது நம் பிளேயரிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஊசிமுனை:
ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் காட்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் மாற்றியிருந்தால் பிளேயரின் ரீங்காரம் 50இல் ஒரு கோடு, பதிவின் ரீங்காரம் 60க்கு அருகில் இன்னொரு கோடு, சந்தேகமே வராது. அமெரிக்காவிலேயே மாற்றியதென்றால் வேகம் பிசகியிருக்கும்போது மட்டும் இரண்டு கோடுகளும் பிரிந்து தெரியும். மூலக் கோப்பு கையில் இருந்தால்தான் இந்த ஆராய்ச்சியெல்லாம்.

வேகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1937 மே 6 அன்று லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்ததை வானொலி அறிவிப்பாளர் ஹெர்பர்ட் மாரிசன் விவரித்த பதிவு உலகப் பிரசித்தம். பதிவுக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியதால், வழக்கமான வேகத்தில் போடும்போது அவர் குரல் கீச்சென்று உயர்ந்து கேட்கிறது. உண்மையில் அவருடையது கனத்த குரல். பல பேர் கேட்டுப் பழகியது அந்தக் கீச்சுக் குரலைத்தான்.

தூக்கத்துணை:
நான் நாடகம் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள். எனக்கு 60 ஹெர்ட்ஸும் வேண்டாம், 62 ஹெர்ட்ஸும் வேண்டாம். பாதித் தூக்கத்தில் 'படார்' என்று ஒரு கீறல் சத்தம் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். விளம்பரங்களையும் எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும். ஆராய்ச்சியாளர்களுக்காக ஒரு காப்பகம், கேட்பவர்களுக்காக ஒரு காப்பகம் என்று பிரித்துக்கொள்ளுங்களேன்.

ஊசிமுனை:
கீறல் சத்தத்தை நீக்குவதில் எனக்குச் சண்டை இல்லை. விளம்பரத்தில் உண்டு. 'ஃபிப்பர் மெக்கீ அண்டு மாலி' நகைச்சுவைத் தொடரில் அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் ஒரு கதாபாத்திரமாகவே மெக்கீயின் வீட்டுக்குள் நுழைந்து, பேச்சோடு பேச்சாக விளம்பரதாரரின் ஜான்சன் மெழுகின் பெருமையை அளப்பார். மெக்கீ அலுத்துக்கொள்வதும் நகைச்சுவையின் பகுதி. எந்த இடத்தில் கத்தரி வைப்பீர்கள்?

வெட்டிய பதிப்புதான் வேண்டும் என்றால் ஏற்கெனவே இருக்கிறது. படைவீரர்களுக்காக ஏஎஃப்ஆர்எஸ் என்ற அமெரிக்க ராணுவ வானொலிச் சேவை அனுப்பிய தட்டுகளில் விளம்பரத்தை எடுத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தை இசையால் நிரப்பினார்கள். அவற்றைக் கேளுங்கள், நன்றாகத் தூக்கம் வரும். ஆனால் அவற்றை மூல ஒலிபரப்பு என்று பெயரிட்டு ஏற்றாதீர்கள். நம் தொகுப்பில் அந்தக் குழப்பம் எக்கச்சக்கம்.

1939 செப்டம்பர் 21 அன்று வாஷிங்டன் டபிள்யூஜேஎஸ்வி நிலையம் தன் ஒருநாள் ஒலிபரப்பை முழுதாகப் பதிவு செய்தது. ரூஸ்வெல்ட்டின் உரை, பேஸ்பால் ஆட்டம், பகல்நேரத் தொடர்கள், சோப்பு விளம்பரம் எல்லாம் வரிசையாக வரும். யாரும் எதையும் வெட்டாததுதான் அதன் மதிப்பு.

அலைவரிசை:
எல்லாம் சரி, பணம் யார் கட்டுவது? தட்டுகள் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. தேவைப்படும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாமே?

ஊசிமுனை:
எந்தத் தட்டு? பெரும்பாலானவை 16 அங்குல லாக்கர் தட்டுகள். அலுமினியத்தின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு, பூச்சு நெகிழ்வாக இருக்க ஆமணக்கெண்ணெய். அந்த எண்ணெய் சிதைந்து வெள்ளைப் படிவாக வெளியே வரும், பூச்சு சுருங்கி வெடித்து உரியும். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியில் பூசினார்கள், அது கைதவறினால் அவ்வளவுதான். இன்று உங்களிடம் இருக்கும் கோப்பே அந்தத் தட்டின் கடைசிச் சுற்றாக இருக்கலாம்.

பணத்துக்கு வழி: ஃபிளாக் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒரு பிட் கூட இழக்காமல் கோப்பு பெரும்பாலும் பாதியளவுக்கு வந்துவிடும். மூலத்தைப் பொதுவில் வைக்காமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஊரில் வைத்தால் சர்வர் செலவும் இல்லை.

சட்டாம்பிள்ளை:
வேகத்தைப் பற்றிப் பேசும் இருவரும் உரிமையைப் பற்றிப் பேசக் காணோம். 'பழசுதானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்பது சட்டம் ஆகாது. 2018இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டு. மற்றவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு. 'வெளியான' என்பதைக் கவனியுங்கள். விற்பனைக்கு வராமல் ஒலிபரப்போடு நின்ற பதிவு வெளியானதாகக் கொள்ளப்படாமல் 2067 கணக்கில் விழ வாய்ப்பு அதிகம். எழுத்துப்பிரதியின் உரிமை தனி.

ஒரு வழியும் அதே சட்டத்தில் உண்டு. யாரும் வணிகமாகப் பயன்படுத்தாத பதிவு என்று நேர்மையாகத் தேடிப் பார்த்து, பதிப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்பு பதிய வேண்டும். உரிமையாளர் 90 நாளுக்குள் மறுக்காவிட்டால் வணிகமில்லாத முறையில் பயன்படுத்தலாம்.

அலைவரிசை:
ஒவ்வொரு பதிவுக்கும் தேடலா? நாங்கள் மொத்தமே மூன்று பேர், சார். யாராவது கேட்டால் எடுத்துவிடுகிறோம் என்பதுதான் இதுவரை நடைமுறை.

சட்டாம்பிள்ளை:
நடைமுறை வேறு, பாதுகாப்பு வேறு. குறைந்தபட்சம் இன்றும் விற்பனையில் இருக்கும் தொடர்களையாவது தனியாகப் பிரித்து வையுங்கள்.

தூக்கத்துணை:
என்னை ஆராய்ச்சிக்கு எதிரி ஆக்கிவிட்டீர்கள். நான் கேட்டது ஒன்றுதான், பெயர் ஒழுங்காக இருக்க வேண்டும். 'சஸ்பென்ஸ்' தொடரின் 'சாரி, ராங் நம்பர்' 1943 மே 25 அன்று முதலில் வந்தது. அதில் நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டே பிறகும் பலமுறை அதை நடித்தார். உங்கள் தளத்தில் அதே பெயரில் நான்கு கோப்புகள், ஒன்றிலும் தேதி இல்லை. எதைக் கேட்டேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊசிமுனை:
இப்போது நீங்களும் என் கட்சி.

அலைவரிசை:
சரி. இந்த மாதம் எதையும் அழிக்கவில்லை. ஃபிளாக் ஆக்கிப் பார்த்துவிட்டுக் கணக்குச் சொல்கிறேன். ஆனால் முன்பக்கத்தில் சுத்தம் செய்த எம்பி3தான் இருக்கும், மூலம் கேட்டால் மட்டுமே தரப்படும். அதை மாற்றப் போவதில்லை.

ஊசிமுனை:
கேட்டால் தருகிறோம் என்று ஒரு வரியாவது முன்பக்கத்தில் இருக்குமா? இல்லை, அதையும் இரைச்சல் என்று நீக்கிவிடுவீர்களா?