எலி ஸ்டெம் செல் + மனுஷ செல் ஹைப்ரிட்: மனுஷ குரோமோசோம் மட்டும் காணாம போகுது, ஏன்?

களியக்காவிளை_பயோ:
அண்ணன்மாரே, அக்காமாரே, எனக்க வீடு களியக்காவிளை, தினமும் பாறசாலை தாண்டி திருவனந்தபுரத்துல ஒரு லேபுக்கு எம்எஸ்சி புராஜெக்ட்டுக்கு போறேன். எலியோட எம்ப்ரியோ ஸ்டெம் செல்லையும் மனுஷ லிம்ஃபோசைட்டையும் (ஒரு வகை வெள்ளை ரத்த செல்) பெக்ங்கிற கெமிக்கல் போட்டு ஒட்ட வச்சோம். எலி செல்லுல ஹெச்பிஆர்டி ஜீன் வேலை செய்யாது, அதனால அந்த ஜீன் இல்லாத செல்லக் கொல்லுற ஹேட் மீடியத்துல ஹைப்ரிட் மட்டும்தான் பிழைச்சு வளரும். குரோமோசோம் எலிக்கு 40, மனுஷனுக்கு 46, சேந்தா 86 வரணும்லா, ஆனா மெட்டாஃபேஸ் ஸ்லைடுல (பிரியிற நேரத்து செல்லு) எண்ணினா 50 பக்கத்துலதான் நிக்குது, பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாத்தி வளக்கிறது) போகப்போக இன்னும் குறையுது. காலனி எல்லாம் ஸ்டெம் செல் மாதிரியே அழகா வளருது. லேபுல ஃப்யூஷனே சரியில்லன்னு சொல்லுதாவ, எனக்கு அப்படித் தோணல. இது எங்கயாவது நிக்குமா, இல்ல மொத்தமும் போயிருமா?

செங்கோட்டை_செல்லாளர்:
ஃப்யூஷன் மேல பழி போடாதம்மா. ஒட்டலைன்னா ஹேட்ல ஒண்ணுமே வளந்திருக்காது. எலி-மனுஷ ஹைப்ரிட்ல மனுஷ குரோமோசோம்தான் வெளிய போகும்னு 1967லயே மேரி வைஸும் ஹோவர்ட் கிரீனும் காட்டிட்டாங்க, அந்த இழப்ப வச்சுதான் எந்த ஜீன் எந்த குரோமோசோம்ல இருக்குன்னு மேப்பே போட ஆரம்பிச்சாங்க, தைமிடின் கைனேஸ் ஜீன் 17வது குரோமோசோம்ல இருக்குன்னு கண்டுபிடிச்சதும் இந்த வழியிலதான். செல் பிரியும்போது சில குரோமோசோம் நடுவுல பின்தங்கி நின்னுரும், மைக்ரோநியூக்ளியஸா (தனியா ஒரு குட்டி நியூக்ளியஸ்) ஒதுங்கும், அப்புறம் அழிஞ்சிரும். டாப்பின்னு டிஎன்ஏவ ஒளிர வைக்கிற சாயம் போட்டுப் பாரு, சின்னச் சின்ன புள்ளி தனியா தெரியும்.

ஒண்ணு மட்டும் போகாது, மனுஷ எக்ஸ். ஹெச்பிஆர்டி ஜீன் அதுலதான இருக்கு, ஹேட் இருக்கிற வரைக்கும் அந்த ஜீன் உள்ள துண்டாவது இல்லாம செல் உயிரோட இருக்க முடியாது. ஹேட்ட எடுத்துட்டு, அந்த ஜீன் வேலை செய்யிற செல்லக் கொல்லுற 6-தயோகுவானின் போட்டா எக்ஸ் போன செல்லு மட்டும் மிஞ்சும்.

வாளையார்_லேப்:
எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க தங்கச்சி. எலி குரோமோசோம் எல்லாமே ஒரு முனையில சென்ட்ரோமியர் (இடுப்பு மாதிரி ஒடுங்கின இடம்) உள்ளது, அதனால நடுவுல இடுப்பு உள்ளதப் பாத்தா மனுஷனோடதுன்னு நினைப்போம், ஆனா மனுஷனுக்கும் 13, 14, 15, 21, 22, ஒய் எல்லாம் முனைப்பக்கம்தான், அதுங்க எலிக்கூட்டத்துல கலந்துரும். எலி ஸ்டெம் செல்லே கல்ச்சர்ல 8வது குரோமோசோம ஒண்ணு கூட்டி வச்சுக்கும், அத மனுஷனோடதுன்னு எழுதிட்டா ரிசல்ட்டே தப்பாப் போயிரும். மனுஷ டிஎன்ஏல மட்டும் ஒட்டி ஒளிர்ற புரோப் வச்சு ஃபிஷ் டெஸ்ட் பண்ணிருங்க. ஒரு காலனியிலயே ஒவ்வொரு செல்லும் வேற வேற கணக்குல இருக்கும், அதனால ஒத்த செல்லுலருந்து வளக்கிற சப்குளோன் எடுத்து சின்ன பாசேஜ்லயே நிறைய ஃப்ரீஸ் பண்ணுங்க, இத இப்பவே செய்யுங்க.

விதுரை_பக்கம்:
இழப்பு எல்லா ஹைப்ரிட்லயும் இதே அளவு இல்லங்கிறத நீங்க ரிப்போர்ட்ல எழுதணும். 2016ல சீனாவுல எலி, ரேட் (வேற எலி இனம்) ரெண்டோட ஹாப்ளாய்டு (குரோமோசோம் பாதி மட்டும் உள்ள) ஸ்டெம் செல்லையும் சேத்தாங்க, 20 + 21, மொத்தம் 41, அது நிலையா நின்னுச்சு. மனுஷ-சிம்பன்சி ஐபிஎஸ் (முதிர்ந்த செல்ல மாத்தி உண்டாக்கின ஸ்டெம் செல்) ஹைப்ரிட் 46 + 48ன்னு 94 வச்சும் பெருசா சிதறல. உங்களோடதுல இனமும் தூரம், ஒரு பக்கம் ஸ்டெம் செல், மறுபக்கம் ஏற்கெனவே முதிர்ந்த செல். எலிக்கு எலியே ஒட்டுனாலும் ஸ்டெம் செல் கூட மண்ணீரல் செல்லச் சேத்தப்ப மண்ணீரல் பக்க குரோமோசோமே அதிகம் போச்சுன்னு ரஷ்யாவுல நோவோசிபிர்ஸ்க்ல பாத்திருக்காங்க.

இன்னொண்ணு, நம்ம விதுரையில உள்ள ஆராய்ச்சி நிறுவனம் ஐசர்ல மாருதாசலம் ரவி இருக்காருல்ல, அவரும் சைமன் சானும் 2010ல அராபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடியில சென்ட்ரோமியர் புரோட்டீன் சென்ஹெச்3ய மாத்தி, கிராஸ் பண்ணினா ஒரு பெற்றோரோட குரோமோசோம் மொத்தமும் கழியிற மாதிரி செஞ்சாங்க. செடியில நடந்தது, நேரா உங்க செல்லுக்குப் பொருத்த முடியாது, ஆனா சென்ட்ரோமியர் பக்கம் யோசிக்கிறதுக்கு அத அவசியம் படிக்கணும்.

களியக்காவிளை_பயோ:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாளைக்கே ஃபிஷ்க்கு ஸ்லைடு எடுத்து வைக்கேன். அப்ப பாதி குளோன ஹேட்லயும் பாதிய ஹேட் இல்லாமலும் வளத்து எக்ஸ் நிக்குதான்னு பாக்கலாமா?

செங்கோட்டை_செல்லாளர்:
அதான் சரியான கன்ட்ரோல். ஹேட்ட எடுத்ததும் ஹைப்போசாந்தின், தைமிடின் மட்டும் உள்ள ஹெச்டில கொஞ்ச நாள் வை, உடனே வெறும் மீடியத்துக்கு மாத்தினா செல்லு செத்துரும்.