"நான் இல்லாட்டி கடனும் போயிரும்"னு மச்சான் சொல்றாரு, என்ன செய்ய?

தங்கச்சிமடம் தம்பி:
அக்கா வீட்டு மச்சான், ரெண்டு பேரு பங்கா வட்டிக்கு வாங்கி விசைப்படகு எடுத்தாங்க, எல்லை தாண்டிட்டீங்கன்னு இலங்கை நேவி புடிச்சு ஒரு வருசம் ஆச்சு, ஆளு வந்துட்டாரு, படகு வரல. கடன் மட்டும் அப்படியே நிக்குது. தடைக்காலம் 61 நாளும் வீட்டுக்குள்ளயே கெடந்தாரு. ஜூன் 14 ராத்திரி எல்லாரும் ஐஸ் ஏத்தி டீசல் புடிச்சு கெளம்புறாங்க, இவரு திண்ணையில கிழியாத வலைய மடியில போட்டுக்கிட்டு ஊசிய கோக்குறதும் உருவுறதுமா இருந்தாரு. நேத்து அக்காட்ட "நான் இல்லாட்டி கடனும் போயிரும்"னு சொல்லிருக்காரு. சும்மா விரக்தியா, பயப்படணுமா? நேரா கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருமோ?

பாம்பன்காரன்:
தம்பி பயப்படணும், இன்னைக்கே கேளு. நானும் அந்த நெலமையில இருந்தவன். பணம் இல்லாதது கூட தாங்கிக்கலாம்யா, வசூலுக்கு வந்தவன் எங்க வாசல்ல சேர போட்டு உக்காந்து எம்மககிட்டயே தண்ணி வாங்கிக் குடிச்சான் பாரு, தெருவே பாத்துச்சு, அன்னைக்குத்தான் மனசு விட்டுப்போச்சு. தடைக்கால நிவாரணம் 8000 வந்த அன்னைக்கே குழு லோன் டியூவுக்குப் போயிருச்சு. கூட்டாளி ஒருத்தன் "சாகணும்னு தோணுதாடா"ன்னு கேட்டான். அப்பத்தான் அழுதேன். மறுநா வட்டிக்காரர்ட்ட அவனும் கூட வந்து பேசி தவணை வாங்கிக் குடுத்தான், தனியா போயிருந்தா எனக்கு வாயே வந்திருக்காது.

கீழக்கரை ராத்தா (நர்ஸ்):
கேக்குறதால அந்த நெனப்பு வராது தம்பி, வந்திருந்தா பாரம் எறங்கும். தூக்கம் இல்லாம, குடி கூடி, யார்ட்டயும் பேசாம இருக்காரான்னு பாருங்க. கடன் இருக்குற எல்லாரும் இப்படி ஆகுறதில்ல, கடனோட வெக்கமும் தனிமையும் சேரும்போதுதான் ஆபத்து. 2022ல நாட்டுல தற்கொலையில இறந்தவங்க 1,70,924 பேரு, அதுல நாலுல ஒருத்தர் தினக்கூலி. 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்க மனநல உதவி நம்பர், இலவசம், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. 104ன்னு அரசாங்க மருத்துவ உதவி நம்பரும் இருக்கு. போலீஸ் கேஸ் ஆகும்னு மறைக்காதீங்க, 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயற்சி பண்றதையே கடுமையான மன அழுத்தமாத்தான் பாக்குது, தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு. ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டுப் போங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்க. துஆ கேளுங்க, வேணாங்கல, ஆனா டாக்டரையும் பாக்கணும். 2001 ஆகஸ்ட் 6 அங்க மனநலக் காப்பகத்துல புடிச்ச தீயில சங்கிலியோட 28 பேரு செத்துப் போனாங்களே, அந்த ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நாம அத மறக்கலாமா. இன்னைக்கு ராத்திரி அவர தனியா விடாதீங்க.

தங்கச்சிமடம் தம்பி:
ராத்தா, அண்ணே, கேட்டுட்டேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "ரெண்டு மூணு தடவ தோணுச்சு மாப்ள"ன்னாரு. 14416ல ஸ்பீக்கர்ல போட்டு பேச வச்சேன், அக்காவும் பக்கத்துல இருந்துச்சு. காலைல மொத பஸ்ல ராம்நாடு ஜிஹெச். வட்டிக்காரர்ட்ட சித்தப்பாவும் நானும் கூடப் போறோம். இப்ப மச்சான் பக்கத்துலதான் பாய் விரிச்சிருக்கேன், இன்னும் தூங்கல, பேசிக்கிட்டுத்தான் இருக்காரு.