அயர்லாந்தோட கிளேர் தொகுதி: ஜெயிச்சவங்க ஏன் சபைக்குள்ள போய் உக்காரல?

மதி_ஏடு:
மக்களே, கொஞ்ச காலமா அயர்லாந்து வரலாறு படிச்சிட்டு இருக்கேன், எந்தப் பக்கம் திருப்பினாலும் கிளேர்னு ஒரு தொகுதி வந்து நிக்குது. மேற்குக் கரையில இருக்கற விவசாய கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), தலைநகர்னா என்னிஸ், டப்ளின் மாதிரி பெரிய இடம் எல்லாம் இல்ல. ஆனா 1828ல கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் ஜெயிச்சது அங்கதான், பின்னாடி நாட்டையே ஆண்ட எய்மன் டி வலேரா 1917ல முதல்முதலா ஜெயிச்சதும் அங்கதான். அப்ப அயர்லாந்து பிரிட்டன் ஆட்சியில, எம்பிக்கள் போக வேண்டியது லண்டன் நாடாளுமன்றத்துக்கு, ஆனா ரெண்டு பேருமே ஜெயிச்ச கையோட அந்தச் சபையில போய் உக்காரல. எனக்குப் புரியாதது இதுதான், கத்தோலிக்கர் எம்பி ஆக முடியாதுன்னு சட்டம் இருந்தப்போ ஓ'கானலை நிக்கவே எப்படி விட்டாங்க? உள்ள போக மாட்டார்னு தெரிஞ்சும் ஜனங்க எதுக்கு ஓட்டு போட்டாங்க? இப்ப அதே கிளேர்ல இருந்து 4 பேர் ஜெயிக்கறாங்களாமே, அது எப்படி? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கடல்காற்று:
நல்ல கேள்வி. கத்தோலிக்கர் தேர்தல்ல நிக்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லவே இல்ல, அதான் ஓ'கானல் பிடிச்ச இடைவெளி. தடை இருந்தது உறுதிமொழியில. லண்டன்ல சபைக்குள்ள உக்காரணும்னா கத்தோலிக்க நம்பிக்கைக்கு எதிரான வாசகங்களைச் சொல்லி சத்தியம் பண்ணணும், மனசாட்சி உள்ள ஒரு கத்தோலிக்கர் அதைச் சொல்ல மாட்டார், அதனால தானாவே வெளிய நின்னுடுவார். ஓட்டு மட்டும் 1793லயே கத்தோலிக்கருக்குக் கிடைச்சிடுச்சு. அதாவது ஓட்டு போடலாம், நிக்கலாம், ஜெயிக்கலாம், உக்காரத்தான் முடியாது.

1828ல கிளேர் எம்பி வெசி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மந்திரி பதவி வந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி மந்திரி ஆனா மறுபடி தொகுதியில நின்னு ஜெயிக்கணும், அப்படித்தான் இடைத்தேர்தல் வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒண்ணும் கெட்ட மனுஷன் இல்ல, கத்தோலிக்கர் உரிமைக்கு ஆதரவா பேசினவர்தான், ஆனா அவர் சேர்ந்த அரசாங்கம் அதைத் தர மாட்டேங்குது, அதனால அவரையே எதிர்த்து ஓ'கானல் நின்னார். ரகசிய வாக்கெடுப்பு வந்தது 1872லதான், அப்ப எல்லாம் நிலச்சுவான்தார் பார்க்க வாய்விட்டு யாருக்கு ஓட்டுன்னு சொல்லணும். குத்தகைக்கு உழுதுட்டு இருந்தவங்க பாதிரியார்கள் முன்னாடி நடக்க ஊர் ஊரா கிளம்பி என்னிஸுக்கு வந்தாங்க, தேர்தல் முடியற வரைக்கும் குடிக்க மாட்டோம்னு வேற கட்டுப்பாடு. வீட்டையும் நிலத்தையும் விட்டுத் துரத்திடுவான்னு தெரிஞ்சே போட்ட ஓட்டு அது, எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். ஓ'கானல் 2,057, ஃபிட்ஸ்ஜெரால்ட் 982.

எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னா, சட்டத்தை ஒரு மூலையில தள்ளி நிறுத்தத்தான். அடுத்த பொதுத்தேர்தல்ல கவுண்டி கவுண்டியா இதே நடந்தா என்ன பண்றதுன்னு பிரதமர் வெலிங்டனும் உள்துறை மந்திரி பீலும் பயந்தாங்க, 1829 ஏப்ரல்ல கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் வந்துடுச்சு. ஆனா அது முன்தேதியிட்டு செல்லாது, அதனால ஓ'கானல் மே மாசம் போனப்போ பழைய உறுதிமொழியைத்தான் நீட்டினாங்க. மறுத்துட்டார். இடம் காலின்னு அறிவிச்சாங்க, ஜூலைல கிளேர் போட்டியே இல்லாம திரும்ப அனுப்பிடுச்சு.

பழம்பக்கம்:
கடல்காற்று சொன்னது சரி, ஆனா அதோட நிறுத்தினா பாதிக் கதைதான். அந்த விடுதலைச் சட்டத்தோட கூடவே இன்னொரு சட்டமும் போட்டாங்க. கவுண்டித் தொகுதியில ஓட்டு போடத் தேவையான நில மதிப்பு வருஷத்துக்கு 40 ஷில்லிங்கா, அதாவது 2 பவுண்டா இருந்தது, அதை 10 பவுண்டா ஏத்திட்டாங்க. 2 லட்சத்துக்கு மேல இருந்த அயர்லாந்து கவுண்டி வாக்காளர்கள் 40 ஆயிரத்துக்கும் கீழ போயிட்டாங்க. யார் என்னிஸுக்கு நடந்து வந்து ஓ'கானலை ஜெயிக்க வெச்சாங்களோ அவங்ககிட்ட இருந்துதான் ஓட்டைப் பிடுங்கினாங்க. வசதியான கத்தோலிக்க வக்கீலுக்கும் வியாபாரிக்கும் கதவு திறந்தது, குத்தகைக்காரனுக்கு மூடிடுச்சு. ஓ'கானல் இதை எதிர்க்கத்தான் செஞ்சார், ஆனா இதுக்காகக் கிடைச்ச சட்டத்தை வேண்டாம்னு சொல்ற அளவுக்குப் போகல. 1828ஐ வெறும் வெற்றியா மட்டும் எழுதறவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு.

தூவானம்:
நான் 1917க்கு வரேன். அப்ப கிளேர் கிழக்கு, மேற்குன்னு ரெண்டு தொகுதி, 1885ல பிரிச்சது. கிழக்கு கிளேர் எம்பி வில்லி ரெட்மண்ட், சுயாட்சிக் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்டோட தம்பி, 50 வயசு தாண்டியும் பட்டாளத்துல சேர்ந்து முதல் உலகப் போர்ல, 1917 ஜூன் 7ல பெல்ஜியத்தோட மெசின் போர்க்களத்துல செத்துட்டார். அதே மாசம் ஜெயில்ல இருந்து வெளிய வந்த டி வலேராவை, பிரிட்டனை எதிர்த்து டப்ளின்ல நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்காக மரண தண்டனை விதிச்சு அப்புறம் ஆயுளா குறைச்ச ஆளை, விடுதலை கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சி அங்க நிறுத்தினாங்க. எதிர்த்தவர் பேட்ரிக் லிஞ்ச், உள்ளூர்ல செல்வாக்கான வக்கீல். ஜூலை 10 வாக்குப்பதிவு, டி வலேரா 5,010, லிஞ்ச் 2,035. இந்தத் தடவை நாங்க லண்டனுக்குப் போகவே மாட்டோம்னு முன்கூட்டியே சொல்லித்தான் ஓட்டு கேட்டாங்க, ஓ'கானலை அவங்க உள்ள விடல, டி வலேரா தானே போகல, அந்த வித்தியாசம் முக்கியம்.

ஆனா உறுதிமொழி அவரையும் விடல பாருங்க. 1922ல அயர்லாந்து சுதந்திர அரசு வந்த பிறகு டப்ளின்லயே, டாயில்ங்கற அயர்லாந்து நாடாளுமன்றக் கீழ்ச்சபைக்குள்ள போக பிரிட்டிஷ் மன்னர் பேர் வர்ற சத்தியப்பிரமாணம் வந்துடுச்சு. அதனால கிளேர் உறுப்பினர் டி வலேரா சொந்த நாட்டுச் சபைக்கும் வெளியதான். 1927 ஜூன்ல அவரோட புதுக் கட்சி ஃபியன்னா ஃபாயில் 44 இடம் ஜெயிச்சு வாசல் வரை போய் திரும்பி வந்தாங்க. ஜூலைல மந்திரி கெவின் ஓ'ஹிகின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார், அதுக்கப்புறம் அரசாங்கம், ஜெயிச்சா பிரமாணம் எடுப்பேன்னு ஒத்துக்காதவன் வேட்பாளராவே நிக்க முடியாதுன்னு சட்டம் கொண்டு வந்தது. ஓ'கானல் நுழைஞ்ச அதே இடைவெளியை அடைச்சுட்டாங்கன்னு வெச்சுக்கங்க. ஆகஸ்ட்ல டி வலேரா, இது பிரமாணம் இல்ல வெறும் கையெழுத்துன்னு சொல்லிட்டு பைபிளைத் தள்ளி வெச்சுட்டு கையெழுத்துப் போட்டு உள்ள போனார். 1932ல ஆட்சிக்கு வந்தார், 1933ல அந்தப் பிரமாணத்தையே சட்டத்துல இருந்து எடுத்துட்டார். அவர் பண்ணது சரியா தப்பான்னு கேட்டா, 5 வருஷம் முன்னாடியே உள்ள போயிருக்கலாம்னுதான் நான் சொல்வேன், நடுவுல ஒரு உள்நாட்டுப் போரே நடந்து முடிஞ்சிருச்சு.

மதி_ஏடு:
அடேயப்பா, ரெண்டு கதையும் ஒரே உறுதிமொழியில வந்து முட்டும்னு நினைக்கவே இல்ல. நன்றி எல்லாருக்கும். அந்த 4 பேர் விஷயத்தையும் யாராவது சொல்லிடுங்க.

கடல்காற்று:
சொல்றேன். அயர்லாந்துல ஒரு தொகுதிக்கு பல உறுப்பினர்கள், வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3ன்னு வரிசை போடுவார். மொத்த செல்லுபடியாகற ஓட்டை, இடங்களோட எண்ணிக்கைல ஒண்ணு கூட்டி வகுத்து, வர்றதுல பின்னத்தை விட்டுட்டு ஒண்ணு சேர்த்தா அதுதான் ஜெயிக்கத் தேவையான கோட்டா. 4 இடம்னா அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. கோட்டாவுக்கு மேல வாங்கின உபரியும், கடைசில வந்து வெளியேறினவரோட ஓட்டும் அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

இதுக்கு 1923 கிளேரை விட நல்ல உதாரணம் இல்ல, அப்ப 5 இடம். ஆகஸ்ட் 15ல என்னிஸ் பொதுக்கூட்டத்துல பேசிட்டு இருக்கும்போதே டி வலேராவை சுதந்திர அரசு ராணுவம் பிடிச்சுட்டுப் போயிடுச்சு. அவர் சிறையில இருக்க, 17,762 முதல் விருப்ப ஓட்டு விழுந்தது, அடுத்து வந்த மந்திரி ஓயின் மெக்நீலுக்கு 8,196. டி வலேராவோட உபரி மலை மாதிரி இருந்ததால, சொந்தமா முதல் விருப்ப ஓட்டு ரொம்பக் கம்மியா வாங்கின அவர் கட்சிக்காரர் பிரையன் ஓ'ஹிகின்ஸும் அதுலயே ஜெயிச்சுட்டார். இந்த முறையை எடுத்துடலாம்னு 1959லயும் 1968லயும் ஃபியன்னா ஃபாயில் பொதுவாக்கெடுப்பு வெச்சாங்க, ஜனங்க ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாங்க. 1959ல அதே நாள் நடந்த ஜனாதிபதி தேர்தல்லதான் டி வலேரா ஜெயிச்சார், 1917ல இருந்து கிளேரோட உறுப்பினரா இருந்தது அதோட முடிஞ்சுது.

பழம்பக்கம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. 1992ல லேபர் கட்சி அலை அடிச்சப்போ கிளேர்ல ஜெயிச்சவர் மூசாஜீ பாம்ஜீ, தென்னாப்பிரிக்காவுல பிறந்த இந்திய வம்சாவளி மனநல டாக்டர், டாயிலுக்குள்ள போன முதல் முஸ்லிம் உறுப்பினர். 1997ல அவர் மறுபடி நிக்கல. மத உறுதிமொழி காரணமா சபைக்கு வெளிய நிக்க வேண்டி வந்த ஒரு கத்தோலிக்கரை ஜெயிக்க வெச்ச அதே தொகுதிங்கறதால இதையும் சேர்த்துப் படிங்க மதி.