கம்பெனியும் யூனிவர்சிட்டியும் சேந்து செய்ற ப்ராஜெக்ட் ஏன் பாதியிலயே படுத்துக்குது?

பாயான்காரன்:
திட்றவங்க திட்டுங்க, நான் கொட்டிடறேன். பினாங்குத் தீவுல, பாயான் லெப்பாஸ்ல ப்ராசஸ் இன்ஜினியர் நானு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீவுக்கு வெளிய உள்ள ஒரு யூனிகூட எம்ஓயு, அதான் புரிந்துணர்வு ஒப்பந்தம், போட்டோம், பேனர், குரூப் போட்டோ, கறிபாப்பு எல்லாம் ஆச்சு. வேலை என்னன்னா சிப்புக்கு அடியில, அத போர்டோட ஒட்டற சால்டர்ல விழுற காத்துக் குமிழிய எக்ஸ்ரே படத்துல கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கணும். எட்டு மாசம்னு சொன்னோம். யூனியோட கணக்கு ஆபீஸ் பெண்டாஹாரில பணம் ரிலீஸ் ஆகவே நாலு மாசம், அப்புறம் ஸ்டூடண்டுக்கு பரீட்சை, அப்புறம் லெக்சரர் கான்பரன்ஸ், கடைசில கைக்கு வந்தது ஒரு பேப்பர் டிராப்ட்டு, லைன்ல ஓட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே யூனி பக்கம் தலை வச்சே படுக்க மாட்டேன்.

லேப்கோட்டு:
அண்ணே, நான் லெக்சரர், வேற யூனி. பேப்பர் போடலன்னா எங்க வேலை இலக்கு கேபிஐ காலி, ப்ரமோஷன் காலி, அது உங்களுக்கு முதல் நாளே தெரியும்தானே? எட்டு மாசம்ங்கறது உங்க குவார்ட்டர் கணக்கு. மாஸ்டர்ஸ் பையனுக்கு படிச்சுப் புரிஞ்சுக்கவே ஒரு செமஸ்டர் ஓடிரும். அவசர வேலைன்னா வெண்டர்கிட்ட குடுங்க, ஆராய்ச்சின்னு பேர் வச்சு சீப்பா கூலி ஆள் தேடாதீங்க.

பாயான்காரன்:
சீப்பா? ஆர்ஏ (ரிசர்ச் அசிஸ்டன்ட்) அலவன்ஸே நாங்கதான் குடுத்தோம் தம்பி.

கேஎல்_மாமா:
ரெண்டு பேரும் காச விட்டு வாங்க. பேட்டன்ட் (காப்புரிமை) பக்கம் வேலை பாத்தவன் சொல்றேன், பெரிய குழி வேற இடத்துல இருக்கு. பையன் கான்பரன்ஸ்ல போஸ்டர் ஒட்டிட்டு வந்துருவான், நம்ம மலேசியா 1983 பேட்டன்ட் சட்டத்துல, தானே முன்னாடி வெளியிட்டாலும் ஒரு வருஷத்துக்குள்ள பேட்டன்ட் கேக்கலாம்னு சலுகை இருக்குன்னு எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க, ஆனா ஐரோப்பால அந்த சலுகை கிடையாது, போஸ்டர் ஒட்டுன அன்னிக்கே அங்க கதை முடிஞ்சுது. பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடி கம்பெனி எத்தன நாள்ல படிச்சு பதில் சொல்லணும்னு அக்ரிமென்ட்டுல ஒரு வரி போட்டா தீந்துச்சு. எம்ஓயுல இதெல்லாம் இருக்காது, அது சும்மா கை குலுக்கற காகிதம்.

தெபால்_தங்கச்சி:
பினாங்குல 1969லேர்ந்து யுஎஸ்எம் யூனி இருக்கு, 1972ல சிப் கம்பெனி இன்டெல் வந்துச்சு, அம்பது வருஷம் பக்கத்து பக்கத்து வீடு. அப்படியிருந்தும் நடுவுல நின்னு ரெண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்ட 2012ல கிரெஸ்ட்டுன்னு தனியா ஒரு அமைப்பு ஆரம்பிக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள் நடுவுல இல்லன்னா எவ்ளோ கிராண்ட் கொட்டுனாலும் ஓடாது லா.

லேப்கோட்டு:
ஒத்துக்கறேன். அண்ணே, ஒரே கேள்வி. எத்தன போர்டு குடுத்தீங்க? நடுவுல சால்டர் பேஸ்ட் மாத்துனீங்களா?

பாயான்காரன்:
40 போர்டு. பேஸ்ட் மாத்துனோம், அஞ்சாவது மாசம், வெண்டர் ஸ்டாப் பண்ணிட்டான். ஏன்?

லேப்கோட்டு:
பழைய பேஸ்ட் படத்த வச்சுல்ல பையன் கம்ப்யூட்டர் மாடலுக்கு கத்துக் குடுத்துருப்பான்! புது பேஸ்ட்ல குமிழியோட அளவு, இடம் எல்லாமே மாறியிருக்கலாம், அது தப்புத் தப்பாதான் சொல்லும். அவன்கிட்ட சொன்னீங்களா?

பாயான்காரன்:
மெயில்ல சிசி போட்டுருப்போம்.

லேப்கோட்டு:
போட்டுருப்போமா, போட்டோமா?

பாயான்காரன்:
…தேடிப் பாத்தேன். ப்ரொடக்ஷன் ஆளுங்களுக்கு மட்டும்தான் போயிருக்கு. ஆனா அதுக்காக நாலு மாசம் பெண்டாஹாரில பணம் தூங்குனது எங்க தப்பு ஆகாது, அத விட மாட்டேன்.

கேஎல்_மாமா:
விட வேணாம். அந்தப் பையன் இப்ப எங்க?

பாயான்காரன்:
முடிச்சுட்டு சிங்கப்பூர் போயிட்டான். போர்டெல்லாம் ஒரு பெட்டில திரும்பி வந்துச்சு, என் மேசைக்கு கீழதான் கிடக்கு, இன்னும் பிரிக்கல.

தெபால்_தங்கச்சி:
அவனோட லாக்புக்கு?

பாயான்காரன்:
அதுவும் உள்ளதான் இருக்குன்னு பெட்டி மேலயே மார்க்கர்ல எழுதியிருக்கான்.