ஒரு வருடமாக மீல்வார்ம் மட்டும்தான். இப்போது தொடுவதில்லை

கேள்வி – தடிவால்:
என் லெப்பர்டு கெக்கோவுக்கு (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) ஒன்றரை வயது. வந்து ஒரு வருடமாக மீல்வார்ம் (ஒரு வகை வண்டின் புழு) மட்டும்தான் சாப்பாடு. டப்பாவில் தவிட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும், தாவாது, கத்தாது. என் சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். பத்து நாளாகக் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வால் மெலியவில்லை. நோயா, சலிப்பா? வேறு பூச்சி என்றால் எதில் தொடங்குவது? கரப்பான் மட்டும் வேண்டாம், வீட்டில் என்னையும் சேர்த்துத் துரத்திவிடுவார்கள்.

பதில் – கூழாங்கல்:
முதலில் சூட்டைப் பாருங்கள். வெதுவெதுப்பான பக்கத்தில் தரை 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, பசியும் எடுக்காது.

பதில் – மூன்றுபல்லிக்காரி:
சூடு சரியாக இருந்தால் சலிப்பாக இருக்கலாம். வால் தடிமனாக இருக்கும்வரை பதற வேண்டாம். அதன் சேமிப்பே அங்கேதான். மெலியத் தொடங்கினால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் முதல் கெக்கோவுக்கு நான் செய்த தப்பைச் சொல்கிறேன். சிள்வண்டு மட்டும் கொடுத்தேன், கால்சியம் பொடி தூவவே இல்லை. சிள்வண்டு, மீல்வார்ம் இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். ஒருநாள் குறிபார்த்துப் பாய்ந்தது, பூச்சியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லைக் கவ்வியது. நான் சிரித்தேன். அப்புறம்தான் கால் நடுங்குவதைக் கவனித்தேன். தாடை ரப்பர் மாதிரி வளைந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் தாடை கோணல் கோணல்தான்.

இப்போது சிள்வண்டும் டூபியா கரப்பானும் மாறி மாறி. நடுவில் பட்டுப்புழு. (டூபியா உங்கள் வீட்டுக் கரப்பான் இல்லை. வழவழப்பான சுவரில் ஏறத் தெரியாது, சத்தமும் கிடையாது. வீட்டில் மெதுவாகப் பேசிப் பாருங்கள்.) பூச்சிகளுக்கு முந்தின நாளே கேரட்டும் கீரையும் போட்டுவிடுவேன். பட்டினி கிடந்த பூச்சியைக் கொடுப்பது வெறும் ஓட்டைக் கொடுப்பது மாதிரி. பிறகு ஒரு பையில் பூச்சிகளைப் போட்டு, கால்சியம் பொடி ஒரு சிட்டிகை சேர்த்து, ஒரு குலுக்கு. அவ்வளவுதான்.

பூச்சியின் நீளம் கெக்கோவின் இரண்டு கண்ணுக்கும் இடையில் உள்ள அகலத்தைத் தாண்டக்கூடாது. மிஞ்சின சிள்வண்டை ராத்திரி உள்ளே விடாதீர்கள், தூங்குகிற பல்லியையே கடித்துவைக்கும். மெழுகுப்புழு வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது முழுக்கக் கொழுப்பு. என் இரண்டாவது கெக்கோ அதை ருசி கண்டபின் இரண்டு வாரம் வேறு எதையும் சீண்டவில்லை.

பதில் – தடிவால்:
தரைச் சூடு சரியாகத்தான் இருக்கிறது. நேற்றுச் சின்னச் சிள்வண்டு ஆறு விட்டேன். முதலில் அசையவில்லை. ஒன்று அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடியதும் வால் நுனி ஆடத் தொடங்கியது, ஒரே பாய்ச்சல்! நான்கு உள்ளே போனது. ஒன்றை எடுத்துவிட்டேன். ஆறாவது ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருந்து ராத்திரி முழுக்கக் கச்சேரி. தோட்டத்தில் பிடித்த பூச்சியும் கொடுக்கலாமா?

பதில் – மூன்றுபல்லிக்காரி:
வேண்டாம். பூச்சிமருந்து பட்டிருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. மின்மினி அறவே கூடாது, ஒன்றே ஒன்று போதும் பல்லியைக் கொல்ல. வளர்ந்த கெக்கோ, அதனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருப்பவனுக்கு ஒரு கேரட் துண்டு வைத்துப் பாருங்கள், தானே வருவான்.