வேளாண் பூங்காவுக்கான இணைப்புச் சாலை விளைநிலத்தின் நடுவே வருகிறது: ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டணம் பகுதி விவசாயி

வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையே உள்ள எங்கள் ஊரில் வேளாண் பூங்கா அமையவிருப்பதாகவும், அதற்குச் சரக்கு வாகனங்கள் வந்துபோக அகலமான சாலை போடப்படும் என்றும் சொல்லி, மாந்தோப்புகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே கல் நட்டுச் சென்றிருக்கிறார்கள். கூழ் ஆலைகள் சொல்லும் விலைக்கே பெங்களூரா மாங்காயைக் கொடுத்துவரும் எங்களுக்கு, பதப்படுத்தும் கூடமும் குளிர்பதனக் கிடங்கும் அருகில் வருவதில் மறுப்பு இல்லை. சாலை செல்லும் தடம்தான் கவலை தருகிறது. கிணறு ஒரு பக்கமும் அதை நம்பிய வயல் மறுபக்கமுமாக எங்கள் நிலம் பிளவுபடும். ஏரியின் உபரிநீர் வடியும் ஓடையும் மறிபடும். சற்றுத் தள்ளிப் புறம்போக்கில் பழைய வண்டிப்பாதை இருந்தும், அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எவரும் விளக்கவில்லை. இப்போது ‘ஆட்சேபம் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: வழக்குரைஞர், தருமபுரி

கையெழுத்திடாதீர்கள் ஐயா. எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்படுகிறது என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். உங்கள் உரிமைகள் அதைப் பொறுத்தே அமையும். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம் என்றால், சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் பொதுவாக நடந்தாக வேண்டும்; முதற்கட்ட அறிவிக்கை வெளியானபின் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாட்கள் உண்டு. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 அல்லது தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், 1997 என்றால், அந்த மதிப்பீடும் பொது விசாரணையும் கிடையா. இச்சட்டங்களுக்கு மறுஉயிர் கொடுத்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்போதும் நிலத்தை ஏன் எடுக்கக்கூடாது என்று நில உரிமையாளரிடம் காரணம் கேட்கும் அறிவிப்பு வந்தே தீரவேண்டும். அதில் குறித்த கெடுவுக்குள் மாற்றுத் தடத்தைப் புல எண்களோடு எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

இழப்பீடு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே கணக்கிடப்படும். நிலம் துண்டாவதால் ஏற்படும் சேதம், கிணறு, மரங்கள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஆனால் சந்தை மதிப்புக்கு முந்தைய 3 ஆண்டுகளின் கிரயப் பத்திரங்களையும் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் இருப்பதால், ஊரே இங்கு நட்டமடைகிறது என்பது என் வருத்தம்.

பதில் 2: அரூர் வாசகர்

277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக 2018இல் எங்கள் வயல்களிலும் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ஏற்றபோதிலும், அதற்குள் மாற்றப்பட்டிருந்த வருவாய்ப் பதிவுகளை மீண்டும் உரிமையாளர் பெயருக்கே கொண்டுவர வேண்டும் என்பதை உறுதி செய்தது. ஆகவே பட்டாவையும், கிராமத்து நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் சாலையை வண்டிப்பாதை வழியாகக் கொண்டுசெல்லக் கோரித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மக்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று பின்னர் எவரும் கோப்பில் எழுத முடியாது.

பதில் 3: ஓய்வுபெற்ற பொறியாளர், கிருஷ்ணகிரி

தடம் மாறாமலே போனாலும் கேட்க வேண்டியவை உள்ளன. உயர்த்திக் கட்டிய சாலை மழைநீருக்குக் கரை போலாகிவிடும். மேற்புற வயலில் தண்ணீர் தேங்கும், கீழ்ப்புற ஏரிக்கு வரத்து குறையும். ஓடை கடக்கும் இடங்களில் போதிய அகலத்தில் சிறுபாலம், கிணற்று நீரைக் கொண்டுசெல்லச் சாலைக்கு அடியில் குழாய், டிராக்டரும் மாடும் கடக்க வழி ஆகிய மூன்றும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். பணி முடிந்தபின் இவற்றைக் கேட்டால் நிதி இல்லை என்பார்கள்.

மற்றொன்று: குத்தகைக்குப் பயிரிடுவோரையும் கூலித் தொழிலாளர்களையும் உங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுகளாக அந்த நிலத்தையே முதன்மையாக நம்பிப் பிழைத்தவர்களைப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்றே 2013ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. பட்டா இல்லாத காரணத்தால் அவர்கள் வீட்டுக்கு எந்த அறிவிப்பும் வராது.