பழைய கணினியில் வீட்டு நெட்வொர்க்கைக் கண்காணிக்க இலவச மென்பொருள் எது?

செங்காங்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடு, 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. இரவு 9 மணிக்கு மேல் காணொளி அழைப்புகள் சில வினாடி உறைந்துபோய்ப் பிறகு சரியாகின்றன. சேவை நிறுவனத்தைக் கேட்டால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, உங்கள் வைஃபையைப் பாருங்கள்" என்கிறார்கள். கையில் ஆதாரம் இருந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

என்னிடம் இருப்பது செலரான் இரட்டைக் கரு, 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பழைய மேசைக் கணினி. இப்போது விண்டோஸ் 10. லினக்ஸ் போடவும் தயார். ஜபிக்ஸ், நாகியோஸ், லிப்ரிஎன்எம்எஸ், அப்டைம் குமா என்று ஏகப்பட்ட பெயர்கள் கண்ணில் படுகின்றன. எது இந்தப் பெட்டிக்குப் பொருந்தும்? வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்றும் பார்க்க முடியுமா? இணைப்பு அறுந்தால் கைபேசிக்குத் தகவல் வர வேண்டும். மென்பொருளுக்குச் செலவில்லை, வன்பொருளுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போடலாம்.

கேபிள்காரன்:

ஜபிக்ஸும் லிப்ரிஎன்எம்எஸ்ஸும் நல்ல மென்பொருள்கள்தான், இந்தக் கணினியில் ஓடவும் செய்யும். ஆனால் அவை பல சுவிட்சும் சர்வரும் உள்ள அலுவலகத்துக்கு. உங்கள் கேள்வி ஒன்றே ஒன்று: அறுபடுவது வீட்டுக்குள்ளா, வெளியிலா? அதற்கு ஸ்மோக்பிங் போதும். நாம் சொல்லும் இலக்குகளுக்குச் சிறு சோதனைச் செய்தி (பிங்) அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை தொலைகின்றன என்று படமாக வரையும். டோபி ஓட்டிக்கர் எழுதியது. அது தரவைச் சேமிக்கும் ஆர்ஆர்டிடூலும் அவருடையதே. ஆர்ஆர்டி கோப்பின் அளவு முதல் நாளே நிர்ணயமாகிவிடும், வருடக்கணக்கில் ஓடினாலும் வளராது. 120 ஜிபி தாராளம்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நாள் முழுக்க ஓடப்போகும் பெட்டிக்கு அது வேண்டாம். டெபியன் லினக்ஸை டெஸ்க்டாப் இல்லாமல் போடுங்கள், 4 ஜிபி ரேம் மீந்துபோகும். கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். வைஃபையில் இணைத்தால் வைஃபை கோளாறும் லைன் கோளாறும் ஒரே கோட்டில் கலந்துவிடும், பிறகு எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்மோக்பிங்கை நிறுவியதும் அது தொடங்க மறுத்து, சென்ட்மெயில் கோப்பு இல்லை என்று பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். அமைப்புக் கோப்புகளில் பாத்நேம்ஸ் என்பதைத் திறந்து, அந்த வரியின் முன்னால் # போட்டால் சரியாகும்.

இலக்குகள் மூன்று வையுங்கள். முதலாவது உங்கள் ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1. இரண்டாவது, ரவுட்டரைத் தாண்டியதும் வரும் சேவை நிறுவனத்தின் முதல் முனை. பாதையில் உள்ள முனைகளை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் இரண்டாம் வரியில் தெரியும். அந்த முனை பிங்குக்குப் பதில் சொல்லாவிட்டால் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 1.1.1.1, வெளி இணையத்தில் உள்ள கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர்.

படிப்பது இப்படி. ரவுட்டருக்கே பிங் தொலைந்தால் கேபிள், கணினியின் நெட்வொர்க் அட்டை, அல்லது ரவுட்டர். ரவுட்டர் சுத்தமாக இருந்து மற்ற இரண்டும் ஒரே நேரத்தில் தொலைந்தால் ஃபைபர் லைன் அல்லது சேவை நிறுவனம். அந்தப் படத்தைத்தான் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்றும் சுத்தம், ஆனால் அழைப்பு மட்டும் உறைகிறது என்றால் வைஃபை.

இனி, பலரும் கோட்டை விடும் இடம். ஸ்மோக்பிங் இயல்பாக 300 வினாடிக்கு ஒருமுறை 20 பிங் அனுப்பும். வினாடிக்கு ஒன்று என்று வைத்தால், 5 நிமிடத்தில் ஏறக்குறைய 20 வினாடிதான் அது விழித்திருக்கிறது. மீதி 280 வினாடியில் உங்கள் அழைப்பு உறைந்தாலும் படத்தில் ஒன்றும் தெரியாது. டேட்டாபேஸ் கோப்பில் ஸ்டெப் (எத்தனை வினாடிக்கு ஒருமுறை) 60, பிங்ஸ் (ஒருமுறைக்கு எத்தனை) 40 என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு பழைய ஆர்ஆர்டி கோப்புகளை அழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொருந்தவில்லை என்று தொடங்காது. ஆகவே முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது. பிறகு மாற்றினால் சேர்த்த வரலாறு போய்விடும்.

இரவுக்காவல்:

மேலே சொன்னதோடு எம்டிஆர் (டிரேஸ்ரூட்டையும் பிங்கையும் சேர்த்து ஓட்டும் கருவி) ஒன்றையும் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் படிப்பதில் கவனம். நடுவில் உள்ள ஒரு முனையில் 30 விழுக்காடு இழப்பு, கடைசி முனையில் 0 என்றால் அங்கே பிரச்சினையே இல்லை. பெரிய ரவுட்டர்கள் தங்களுக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். கடந்துபோகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) முறையாகவே அனுப்பும். இழப்பு ஒரு முனையில் தொடங்கிக் கடைசிவரை தொடர்ந்தால் மட்டுமே அதைப் பொருட்படுத்துங்கள். இதைப் புரியாமல் அனுப்பும் புகாரை உதவி மையம் உடனே மூடிவிடும்.

அழைப்பு சென்னைக்கா? அப்படியானால் அங்கே ஒரு சர்வரையும் இலக்காகச் சேருங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் ஐ2ஐ கடலடி வடம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும்; போய்வர 32 மில்லிவினாடி எப்படியும் ஆகும். அதற்குக் கீழே எந்த நிறுவனத்தாலும் கொண்டுவர முடியாது. 35-40 வந்தால் நேர்வழி. திடீரென்று 100க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் பாதை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

செங்காங்வாசி:

நன்றி. ரவுட்டர் பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) இருக்கிறது. வைஃபையைச் சோதிக்கக் கைபேசியை இலக்காக வைக்கலாமா?

கேபிள்காரன்:

கைபேசி வேண்டாம். திரை அணைந்ததும் அதன் வைஃபை தூங்கிவிடும். படம் முழுக்க இழப்பாகக் காட்டும், அதில் உண்மை எது என்று தெரியாது. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஒன்றை எடுங்கள், வரவேற்பறையில் உள்ள வைஃபை ஸ்மார்ட் பிளக் போல. ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி ஒதுக்கிவிட்டு நான்காவது இலக்காகச் சேருங்கள்.

பாம் ஷெல்டர் என்றதும் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டும்போது பெரும்பகுதி போய்விடும். ரவுட்டரை வெளியே கொண்டுவர கேட் 6 நெட்வொர்க் கேபிள் போதும், உங்கள் 50 வெள்ளியை முதலில் அதற்கு ஒதுக்குங்கள். ஆனாலும் இரவு 9 மணிக்கு மட்டும் வருவதால், அண்டை வீட்டு வைஃபைகளின் நெரிசலும் சேர்ந்திருக்கலாம். இடம் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் ஸ்மோக்பிங் ஓடட்டும்.

சுவிட்ச்66:

எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் கடினமானதும்கூட. விஎன்ஸ்டாட்டை நிறுவினால் அந்தக் கணினியின் போக்குவரத்தைத்தான் எண்ணும், வீட்டினுடையதை அல்ல. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் அப்படியே. சுவிட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் உரிய போர்ட்டுக்கு மட்டுமே அனுப்புகிறது. மற்றவர்களின் பாக்கெட் உங்கள் கணினிக்கு வந்தே சேராது.

வழி, போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கும் நகல் அனுப்புவது) உள்ள சுவிட்ச். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி105இ போன்ற சின்ன 5 போர்ட் சுவிட்சிலேயே அது உண்டு, சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'இ' இல்லாத எஸ்ஜி105ஐ வாங்கிவிடாதீர்கள், அதில் எந்த அமைப்பும் கிடையாது. மிரர் போர்ட்டில் கணினியை இணைத்து, போக்குவரத்தைக் கருவிவாரியாகக் காட்டும் என்டாப்என்ஜியின் இலவசப் பதிப்பை ஓட்டலாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே வைத்தால், வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் ஒரே ஐபியாகத் தெரியும். ரவுட்டர் முகவரியை மாற்றிய பிறகு அல்லவா பார்க்கிறீர்கள்? ரவுட்டருக்குப் பின்னால் வைத்தால் கேபிளில் உள்ளவை மட்டும் தெரியும். வைஃபையில் உள்ளவை ரவுட்டருக்குள்ளேயே புகுந்து வெளியேறிவிடும், சுவிட்சைத் தொடவே தொடாது. ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு, சுவிட்சில் தனி ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை மட்டும் தரும் பெட்டி) ஒன்றை மாட்டினால்தான் எல்லாம் கண்ணில் படும். உங்களுக்கு எப்படியும் பாம் ஷெல்டருக்கு வெளியே ஆக்சஸ் பாயிண்ட் தேவைப்படலாம். இரண்டும் ஒரே வேலையில் முடியும். ஐபோனும் ஆண்ட்ராய்டும் இப்போது போலி மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள், பட்டியலில் யார் யார் என்று புரியும். அறையை வாடகைக்கு விட்டிருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ரவுட்டரில் எஸ்என்எம்பி (அதன் போக்குவரத்துக் கணக்கை வெளியிலிருந்து படிக்கும் வசதி) இருந்தால் இவ்வளவும் தேவையில்லை என்பார்கள். அது மொத்த அளவைத்தான் சொல்லும், அதிலும் 64 பிட் கவுன்ட்டரைத் தேர்ந்தெடுங்கள். 32 பிட் கவுன்ட்டர் 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் 34 வினாடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் வரும் எண் குப்பை.

இரவுக்காவல்:

கைபேசித் தகவலுக்கு அப்டைம் குமா எளிது, டெலிகிராமுக்கு அனுப்பும். ஆனால் வீட்டு இணையம் அறுந்த நொடியில் அதே இணையம் வழியாக அது எப்படித் தகவல் அனுப்பும்? தலைகீழாகச் செய்யுங்கள்: கணினி ஒவ்வொரு நிமிடமும் ஹெல்த்செக்ஸ் போன்ற வெளிச் சேவைக்கு "இருக்கிறேன்" என்று ஒரு தட்டு தட்டட்டும். தட்டு நின்றால் அந்தச் சேவை உங்களுக்குச் சொல்லும். இலவசக் கணக்கு போதும். தட்டு தாமதமானால் பொறுத்திருக்கும் சலுகை நேரத்தை 2 நிமிடம் வையுங்கள். சில வினாடி உறைவதை இது பிடிக்காது, அதற்கு ஸ்மோக்பிங் படமே கதி.

பழைய கணினி என்பதால் இரண்டு விஷயம். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை முதலிலேயே மாற்றுங்கள். அது செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். கடைசிப் பதிவுக்கு முந்தைய நேரத்தை ஆர்ஆர்டி ஏற்காது, படம் வெறுமையாக நிற்கும். இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனியைப் போட்டு நேரத்தையும் சரியாக வையுங்கள், புகாரில் எழுதும் மணி நிமிடம் அவர்களின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள்.

மின்கட்டணம்: 20 வாட் எடுத்தால் மாதம் 14.4 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 4 வெள்ளி 32 காசு. பழைய மேசைக் கணினிகள் 40 வாட்கூட இழுக்கும், மீட்டர் மாட்டி ஒருமுறை அளந்து பாருங்கள். தேவையில்லாத கிராபிக்ஸ் அட்டை இருந்தால் கழற்றிவிடலாம்.